மதுரையில் பிள்ளைகளோடு: படித்துறை, ஆலமரம், மலையடிவாரம்

வெள்ளிக்கிழமை

அரையாண்டு விடுமுறைக்கு மதுரை வந்திருக்கிறோம். நான், அவர், ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள், ஒன்றாம் வகுப்பு மகன். கிளம்பும் முன்பே வீட்டில் ஒன்றைப் பேசி முடிவு செய்துகொண்டோம். ஒவ்வொரு நாளும் பாதிப்பொழுது பிள்ளைகளுக்கு. அந்த நேரத்தில் வரிசை, வேலி, 'தொடாதே' என்ற பலகை எதுவும் குறுக்கே வரக்கூடாது. ஓட இடம், உட்கார நிழல், குனிந்து பார்க்க ஏதாவது, இவ்வளவும் இருந்தால் போதும். கோயிலும் மகாலும் கடைத்தெருவும் மீதிப் பொழுதில். பிள்ளைகளோடு ஊர் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு உதவும் என்று அன்றன்று இரவே எழுதிப் போடுகிறேன்.

ரயில் விடிவதற்குள் வந்துவிட்டது. மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் அறை. குளித்துவிட்டு நேரே மீனாட்சியம்மன் கோயில். கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகளில் வண்டிகளை விடுவதில்லை. கல் பாவிய அகலமான தெரு. மதுரையின் நட்டநடுவில் பிள்ளையின் கையை விட்டுவிட்டு நடக்க முடிகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாசி வீதிகளின் நெரிசலைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

கோயிலுக்குள் ஆடி வீதிகள் இன்னும் விசேஷம். வெளி மதிலுக்கும் உள்ளே இருக்கும் கோயிலுக்கும் நடுவே நான்கு பக்கமும் வானம் பார்த்த வெளி. காலை வெயில் ஒரு பக்கம், மதிலின் நிழல் ஒரு பக்கம். கூட்டமெல்லாம் சந்நிதி வரிசையில் நின்றுகொண்டிருக்க, இங்கே பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடுகிறார்கள், வயதானவர்கள் மதிலோரம் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். கைப்பேசியை வெளியிலேயே ஒப்படைத்துவிட்டுத்தான் வரவேண்டும் என்பதால் யாரும் படம் எடுப்பதில்லை. அதனால் பெற்றவர்களின் கண்ணும் பிள்ளைகள் மேலேயே இருக்கிறது.

சுவாமி சந்நிதிப் பிராகாரத்தில் பழைய கடம்ப மரத்தின் அடிப்பகுதியைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். இந்த ஊரே ஒரு காலத்தில் கடம்பவனம் என்று மகளிடம் சொன்னேன். "மீதி மரமெல்லாம் எங்கே அம்மா?" என்று கேட்டாள். போகிற இடத்திலெல்லாம் தேடிப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

முக்குறுணி விநாயகர் முன்னால் மகனை நகர்த்த முடியவில்லை. விநாயகர் சதுர்த்தியன்று முக்குறுணி, அதாவது 18 படி அரிசியில் ஒரே கொழுக்கட்டை செய்து இவருக்குப் படைப்பார்கள் என்று பக்கத்தில் நின்றிருந்த ஓர் அம்மா சொல்ல, அவன் தலை நிமிர்ந்து சிலையின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்தப் பிள்ளையார் வண்டியூர்த் தெப்பக்குளம் வெட்டும்போது மண்ணுக்கடியில் கிடைத்தவர் என்று சொல்வார்கள். "சாயங்காலம் அந்த இடத்துக்குத்தான் போகிறோம்" என்றதும் தானாக நகர்ந்தான்.

தெப்பக்குளத்துக்கு நான்கு மணிக்கு மேல் போனோம். திருமலை நாயக்கர் 1645 வாக்கில் வெட்டியது. மகால் கட்டச் செங்கல் அறுப்பதற்கு மண் எடுத்த இடமே பிறகு குளமாயிற்று என்பது ஊர்ப்பேச்சு. ஏறத்தாழ 1,000 அடி நீளம், 950 அடி அகலம். நான்கு பக்கமும் கருங்கல் படித்துறை, நடுவில் மரங்கள் சூழ்ந்த மைய மண்டபம். பல ஆண்டுகள் வறண்டு கிடந்து, பையன்கள் உள்ளே இறங்கிக் கிரிக்கெட் ஆடிய குளம் இது. வைகைத் தண்ணீர் பனையூர்க் கால்வாய் வழியாக வந்து சேர்கிற பாதையைச் சரிசெய்த பிறகு மறுபடியும் நிறைந்து நிற்கிறது. தைப்பூசத்தன்று அம்மனும் சுவாமியும் தெப்பத்தில் ஏறி மைய மண்டபத்தைச் சுற்றி வருவார்கள். கரையில் நிற்கிற ஜனங்கள்தான் வடம் பிடித்து இழுப்பார்கள்.

இதைப் பூங்கா என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஊஞ்சல் இல்லை, சறுக்கு மரம் இல்லை. ஆனால் மாலை நேரத்தில் ஒரு நகரத்துக்குப் பூங்கா செய்யவேண்டிய வேலையை எல்லாம் இந்தக் குளக்கரை செய்கிறது. வேலை முடிந்து வந்தவர்கள் சுற்றுச்சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீரைத் தொட்டு வருகிற காற்றுக்காகவே வருகிறார்கள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. பள்ளிச் சீருடையிலேயே வந்திருந்த பிள்ளைகள், பருத்திப்பால் வண்டி, அவித்த கடலை, தலைக்கு மேல் கூட்டங்கூட்டமாக மைய மண்டபத்து மரங்களுக்குத் திரும்புகிற பறவைகள். நுழைவுக் கட்டணம் கிடையாது, 'நேரமாகிவிட்டது' என்று விசில் ஊதுகிற ஆளும் கிடையாது.

மகன் படியில் குப்புறப் படுத்துக்கொண்டான். மேல்படிதான், அவர் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பொரி விற்ற ஓர் ஆத்தா அவனுக்கு ஒரு பிடி பொரி கொடுத்து, ஒன்றொன்றாகப் போடச் சொன்னார். முதல் பொரி மிதந்தது. கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு கீழே கறுப்பாக ஒரு நிழல் அசைந்து, வாய் மட்டும் மேலே வந்து, பொரி காணாமல் போனது. அடுத்த பொரிக்கு இரண்டு வாய், அதற்கடுத்து தண்ணீரே கொதிப்பதுபோல் ஆகிவிட்டது. கை காலியான பிறகும் அவன் எழுந்திருக்கவில்லை. இருட்டும்வரை அங்கேயே இருந்தோம்.

படிகள் நேரே தண்ணீருக்குள் இறங்குகின்றன, பாசியும் இருக்கிறது. சிறு பிள்ளைகளைக் கீழ்ப்படிகளில் விடவே கூடாது. அதை மட்டும் கவனித்துக்கொண்டால் மதுரையில் முதல் நாள் மாலைக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை

இன்று ஊருக்குள்ளேயே, வைகைக்கு வடகரையில். தல்லாகுளம் பக்கம் தமுக்கம் மைதானம், காந்தி நினைவு அருங்காட்சியகம், ராஜாஜி சிறுவர் பூங்கா மூன்றும் நடந்து போகிற தூரத்தில் இருக்கின்றன.

அருங்காட்சியகம் இருப்பது ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில். 1959 ஏப்ரலில் நேரு திறந்து வைத்தது. வெள்ளை வெளேரென்ற கட்டடத்தைச் சுற்றி நல்ல மரங்கள். சேவாகிராமத்தில் காந்தி வாழ்ந்த குடிலைப் போலவே ஒரு குடிலும் வளாகத்தில் கட்டியிருக்கிறார்கள். பிள்ளைகளை உள்ளே அழைத்துப் போகலாமா என்று யோசிப்பவர்களுக்கு: போகலாம், ஆனால் கடைசி அறைக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த, இரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. நான் மகளிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அவள் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். வெளியே வந்து மர நிழலில் உட்கார்ந்த பிறகுதான் கேள்விகள் வந்தன. காந்தி சட்டையை விட்டு அரை வேட்டிக்கு மாறியது இதே மதுரையில்தான், 1921 செப்டம்பரில், மேலமாசி வீதியில் ஒரு வீட்டில் தங்கியிருந்தபோது என்று சொன்னேன். அப்படியானால் அந்த வீட்டையும் பார்க்கவேண்டும் என்கிறாள். நாளை மறுநாள் காலை போய்க்கொள்ளலாம், எங்கள் அறையிலிருந்து பக்கம்தான்.

ஒரு கனமான விஷயத்தைப் பார்த்துவிட்டு வருகிற பிள்ளைக்கு உடனே ஒரு மர நிழல் கிடைப்பது எவ்வளவு பெரிய உதவி என்று இன்று கண்டேன். அருங்காட்சியகம் கட்டுகிறவர்கள் எல்லாரும் வாசலில் நான்கு வேப்பமரம் வைக்கவேண்டும்.

ராஜாஜி பூங்காவில் சனிக்கிழமைக் கூட்டம். உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர்ப் பக்கத்திலிருந்தெல்லாம் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். காலையில் கோயில், மதியம் பூங்கா, மாலையில் துணிக்கடை, இரவு கடைசி பஸ்; இதுதான் சுற்று வட்டாரத்துப் பிள்ளைகளின் மதுரைப் பயணம். மரத்தடியில் பாய் விரித்து, தூக்குச்சட்டியில் கொண்டு வந்த புளியோதரையைப் பிரித்துப் பரிமாறிக்கொண்டிருந்த ஒரு குடும்பம் எங்களையும் உட்காரச் சொன்னது. பாட்டி, இரண்டு மருமகள்கள், எண்ணிக்கையில் அடங்காத பேரப்பிள்ளைகள். என் மகன் அவர்களோடு சேர்ந்து ஊஞ்சலுக்கு வரிசையில் நின்றான். அவன் முறை வந்தபோது விலகி நின்று, தன்னைவிடச் சிறியவளை ஏற்றிவிட்டான். ஒன்றாகச் சாப்பிட்டதன் பலன்.

பூங்காக்களைப் பற்றி ஒரு குறையும் சொல்லவேண்டும். பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் இது பல ஊர்களில் நான் பார்ப்பதுதான். இந்தப் பயணத்தில் இன்னொரு பூங்காவுக்கும் போனோம். சறுக்கு மரத்தின் தகடு ஓரத்தில் பிளந்து கத்திபோல் நீட்டிக்கொண்டிருந்தது; அதன் மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடியிருந்தார்கள். கழிப்பறை பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டினார். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அவசரமாக வரும்போது அம்மாக்கள் படுகிற பாடு, அந்தப் பூட்டைப் போட்டவர்களுக்குத் தெரிந்திருந்தால் போட்டிருக்கமாட்டார்கள். செயற்கை நீரூற்றும் வண்ண விளக்கும் பிறகு வரட்டும். முதலில் திறந்திருக்கிற கழிப்பறை, குடிக்கத் தண்ணீர், உடையாத சறுக்கு. பொது இடம் என்பது ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கிற ஒரே விளையாட்டு மைதானம். அதை ஏனோதானோவென்று வைத்திருப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மதிய வெயிலுக்குப் புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம். 2023 ஜூலையில் திறந்தது. சிறுவர் பகுதிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள், வேறொன்றும் சொல்லவேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன்.

கீழக்குயில்குடி. மதுரையிலிருந்து தேனி சாலையில் போய், நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் திரும்பினால் சமணர் மலை அடிவாரம். அறையிலிருந்து ஆறு மணிக்கு முன்பே ஆட்டோவில் கிளம்பினோம். ஓட்டுநர் அண்ணன் அந்த ஊர்ப் பக்கத்துக்காரர். வெயில் ஏறிவிட்டால் பாறை சுடும், பிள்ளைகளுக்குக் கால் தாங்காது என்று நேற்றே சொல்லி வைத்திருந்தார். இது எல்லாருக்கும் பொருந்தும். மார்கழியிலேயே ஒன்பதரைக்கு மேல் பாறையில் நிற்க முடியவில்லை.

அடிவாரத்தில் ஒரு தாமரைக் குளம், அதன் கரையில் அய்யனார் கோயில், வாசலில் ஆளுயரத்துக்கும் மேலான குதிரைகள், பக்கத்தில் விழுது விட்ட பெரிய ஆலமரம். பின்னால் செங்குத்தாகப் பாறை. இவ்வளவும் ஒரே பார்வையில் அடங்கிவிடும். யாரும் திட்டம் போட்டு அமைத்த இடம் இல்லை. குளம் ஊருக்கானது, கோயில் ஊருக்கானது, மரம் கோயிலுக்கானது, அதனால் வெட்டப்படாமல் நின்றது. காலையில் நாங்கள் போனபோது நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள், சாமி கும்பிட வந்தவர்கள், மாடு ஓட்டி வந்தவர், தரையில் புத்தகத்தை விரித்து ஏதோ தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த இளைஞர்கள் எல்லாரும் அதே நிழலில் இருந்தார்கள். இப்படி எல்லாருக்கும் இடம் கொடுக்கிற ஒரு நிழலைப் பார்க்கத்தான் பிள்ளைகளை அழைத்து வந்தேன்.

ஆல விழுதில் தொங்க மகன் படாத பாடு பட்டான். எட்டவில்லை. அங்கே விளையாடிக்கொண்டிருந்த உள்ளூர்ப் பையன் ஒருவன் வந்து, எந்த விழுது தாங்கும், எது தாங்காது என்று தட்டிக் காட்டினான். தரையைத் தொட்டு வேர் பிடித்த விழுது ஆடாது. நுனியில் மஞ்சளும் வெளிர்ச்சிவப்புமாகப் பிஞ்சாக இருப்பது அறுந்துவிடும். இரண்டுக்கும் நடுவில், நுனி நார் நாராகப் பிரிந்து, கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டிருப்பதைத்தான் பிடிக்கவேண்டும். இதை அவன் சொன்ன நேர்த்தி இருக்கிறதே, எந்த விளையாட்டுத் திடல் பலகையிலும் அப்படி ஒரு வழிகாட்டுதலை நான் படித்ததில்லை. அவன் தூக்கிவிட, என் மகன் ஆடினான். இறங்கியதும் உள்ளங்கையைக் காட்டினான்: சிவந்து, விழுதின் வரி பதிந்திருந்தது. அன்று முழுவதும் அந்தக் கையைத்தான் எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தான்.

மகள் குளத்தை விட்டு நகரவில்லை. தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாது என்று பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறாள், தொட்டுப் பார்த்ததில்லை. கரையோரம் எட்டுகிற இலையில் உள்ளங்கையால் தண்ணீர் விட்டாள். துளி உருண்டு நடுவில் போய் நின்றது. இன்னும் விட்டாள், இரண்டு துளியும் சேர்ந்து பெரிதாயிற்று. இலையை மெல்லச் சாய்த்தபோது மொத்தமும் ஒரே உருண்டையாக வழுக்கிக் குளத்தில் விழுந்தது, இலையில் ஈரத்தின் தடமே இல்லை. திரும்பத் திரும்ப இதையே செய்தாள். நான் மணி பார்க்கவில்லை.

பிறகு மலையேறினோம். பாறையிலேயே வெட்டிய படிகள், பிடித்துக்கொள்ளக் கம்பியும் உண்டு. சின்னவனைக் கையில் பிடித்துக்கொண்டால் ஏறிவிடலாம். கொஞ்ச தூரத்தில் பேச்சிப்பள்ளம். ஒரு சுனை, அதற்கு மேலே பாறை முகத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், அதாவது சமண சமயத்தின் பெருங்குருமார்களின் உருவங்கள். கி.பி. 9, 10-ஆம் நூற்றாண்டுகளில் செதுக்கியவை. ஐந்து தலை நாகம் குடை பிடிக்க நிற்பவர் பார்சுவநாதர். காலில் கொடி சுற்றி ஏறியிருக்க, அசையாமல் தவத்தில் நிற்பவர் பாகுபலி.

"இவர் ஏன் சட்டை போடவில்லை?" என்று மகன் கேட்டான். எதுவும் தனக்கென்று வேண்டாம் என்று விட்டவர்கள் என்றேன். "நேற்று பார்த்த காந்தி மாதிரியா?" என்று மகள் கேட்டாள். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகவே சேர்த்துக்கொண்டாள்.

உருவங்களின் கீழே வட்டெழுத்தில், அதாவது பழைய தமிழ் எழுத்தில், செய்வித்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. அதில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. அச்சணந்தி என்ற புகழ்பெற்ற சமணத் துறவியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்கிறது அந்தக் கல்வெட்டு. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஓர் அம்மாவின் பெயர் வெட்டவெளியில், மழையிலும் வெயிலிலும் நின்று படிக்கக் கிடைக்கிறது. டிக்கெட்டும் இல்லை, கண்ணாடியும் இல்லை. அதன் பக்கத்திலேயே பெயிண்டில் காதலர் பெயரெழுதுகிறவர்களைப் பற்றி நினைத்தால் வயிறு எரிகிறது. தொல்லியல் துறையின் பலகை கீழே இருக்கிறது. வருகிறவர்கள் பிள்ளைகளுக்கு அதை ஒரு தடவை வாசித்துக் காட்டினால் போதும். பிள்ளைகள் கேட்டுக்கொள்வார்கள். என் மகள் சிலைக்கு ஒரு முழம் தள்ளி நின்றுதான் பார்த்தாள், தம்பியையும் தொடவிடவில்லை.

மேலே நின்று பார்த்தால் நாகமலை நீண்டு கிடக்கிறது. கிழக்கே தூரத்தில் யானைமலை. திருவிளையாடல் கதைகளில் மதுரையை அழிக்க ஏவப்பட்ட யானையும் நாகமும் பசுவும் சிவனால் மலைகளாகிக் கிடக்கின்றன. யானைமலை, நாகமலை, பசுமலை. சமணர்கள் ஏவியதாகக் கதை சொல்லும். சமணர் மலையில் நின்றுகொண்டே அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது, அது ஒரு காலத்தின் சண்டையில் பிறந்த கதை என்பதையும் சேர்த்தே சொன்னேன். மகன் காதில் யானை மட்டும்தான் விழுந்தது. தும்பிக்கை எது, முதுகு எது என்று விரலால் காற்றில் வரைந்துகொண்டிருந்தான்.

இறங்கி வந்து, மலையின் இன்னொரு பக்கத்தில் செட்டிப்பொடவு குகையையும் பார்த்தோம். குகையின் முகப்பில் பெரிய உருவம் ஒன்று அமர்ந்திருக்கிறது. உள்ளே மேல்விளிம்பில், சிங்கத்தின் மேலேறி வில்லோடு யானை வீரனை எதிர்க்கிற இயக்கி என்ற சமணக் காவல் தெய்வத்தின் சிற்பம். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது இதுதான். அந்தச் சிங்கத்தின் முகத்தைக் காட்டுங்கள், விடமாட்டார்கள்.

அடிவாரத்தில் பனங்கிழங்கு விற்ற ஆத்தா, நார் உரிக்கத் தெரியாமல் விழித்த மகளைப் பார்த்து, "இப்படிக் கொடு தாயி" என்று வாங்கி, நடுவில் பிளந்து, உள்ளே இருக்கிற குருத்தைத் தனியே எடுத்துக் கொடுத்தார். நகரத்தில் வாங்கித் தின்பதைவிட அது இனித்தது என்று மகள் சொல்கிறாள். ஏறி இறங்கிய பசியாகவும் இருக்கலாம்.

மதியம் நன்றாகத் தூங்கினார்கள். மாலையில் வண்டியூர்க் கண்மாய்க் கரைக்குப் போய்க் கொஞ்சம் நடந்தோம். நீர்க்காகங்கள், கொக்குகள், தாழப் பறந்த நாமக்கோழி. நகரத்துக்குள்ளேயே இவ்வளவு பெரிய நீர்ப்பரப்பு மிஞ்சியிருப்பது மதுரையின் கொடுப்பினை. கடம்ப மரம் ஒன்றைக்கூட இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று மகள் நினைவூட்டினாள்.

திங்கட்கிழமை

காலையில் மேலமாசி வீதியில் காந்தி தங்கிய வீட்டைப் பார்த்துவிட்டு, வாடகைக் காரில் அரிட்டாபட்டி. மேலூர் சாலையில் ஒத்தக்கடையைத் தாண்டும்போது யானைமலை பக்கத்திலேயே வருகிறது. நேற்று விரலால் வரைந்த தும்பிக்கையை மகன் கிட்டத்தில் பார்த்தான். அந்த முழுப் பாறையையும் சிற்ப நகரமாகச் செதுக்கப் போகிறோம் என்று 2010 வாக்கில் ஒரு யோசனை வந்தது. சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள், மலை தப்பித்தது.

அரிட்டாபட்டியும் அப்படித் தப்பித்த ஊர்தான். தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் அறிவித்தார்கள். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டு ஊர்களையும் சேர்த்து ஏறத்தாழ 193 ஹெக்டேர். ஏழு குன்றுகள், ஊற்றுகள், பாண்டியர் காலத்து ஆனைகொண்டான் கண்மாய், 250 வகைப் பறவைகள். 2024-இல் இந்தப் பகுதியையும் உள்ளடக்கி ஏறத்தாழ 2,000 ஹெக்டேரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். ஊர் ஊராகக் கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். 2025 ஜனவரியில் நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கானவர்கள் நடந்தே வந்தார்கள். அதே மாதம் ஏலத்தை மத்திய அரசு ரத்து செய்தது.

ஊர் மந்தையில் இறங்கி, மலைக்குப் போகலாமா என்று அங்கே உட்கார்ந்திருந்த பெரியவரிடம் கேட்டேன். "தாராளமாகப் போங்கள் அம்மா, வெடி மட்டும் வைக்காதீர்கள்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் நடந்த அத்தனையும் அந்த ஒரு வரியில் இருந்தது. பேரனைத் துணைக்கு அனுப்பினார்.

இரண்டு பக்கமும் நெல் வயல், நடுவில் வரப்பு. மகன் வழுக்கி ஒரு காலைச் சேற்றில் விட்டான், பிறகு இரண்டாவது காலையும் வேண்டுமென்றே விட்டான். நான் தடுக்கவில்லை. குன்றைக் குடைந்து செய்த சிவன் கோயில் பாண்டியர் காலத்தது. வாசலுக்குப் பக்கத்தில் சிவனின் வடிவமாகக் கருதப்படும் சைவ குரு இலகுலீசரின் சிற்பம் இருக்கிறது, தமிழ்நாட்டில் அரிதாகவே பார்க்கக் கிடைப்பது. உள்ளே இருட்டும் குளிர்ச்சியும். பிள்ளைகள் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

பறவை பார்க்க அவர் பைனாகுலர் கொண்டு வந்திருந்தார். லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, ராசாளி என்ற வேட்டைப் பறவைகள் மூன்றும் இந்தப் பாறைகளில் வாழ்கின்றன. எங்கள் கண்ணில் பட்டது ஒன்றுதான், அதுவும் மிக உயரத்தில். பெரியவரின் பேரன் ராசாளி என்றான். இறக்கை அடிக்காமல் குன்றின் விளிம்பையொட்டி வட்டமிட்டுக்கொண்டே இருந்தது. இந்த மாதங்களில் அவை கூடு கட்டுகிற காலம் என்பதால் செங்குத்துப் பாறைகளின் பக்கம் போகவேண்டாம், கத்தவேண்டாம் என்று அந்தப் பையன் என் பிள்ளைகளுக்குச் சொன்னான். தன் ஊர்ப் பறவையைத் தானே காப்பாற்றுகிற தோரணை. பன்னிரண்டு வயதுகூட இருக்காது.

பூங்காக்களில் காவலாளி உண்டு, வேலி உண்டு. அப்படியும் சறுக்கு உடைந்து கிடக்கிறது. இங்கே வேலி இல்லை, ஊர்தான் காவல். நான்கு நாளாக நான் பார்த்த இடங்களில் பிள்ளைகள் ஆசைதீர விளையாடியதெல்லாம் யாரோ ஒருவர் 'இது எங்களுடையது' என்று உரிமையோடு சொல்கிற இடங்களில்தான். அந்த உரிமை கோயிலால் வந்திருக்கலாம், கண்மாய்ப் பாசனத்தால் வந்திருக்கலாம், போராட்டத்தால் வந்திருக்கலாம். வெளியூரிலிருந்து போகிற நம் பிள்ளைகளுக்கும் அதில் பங்கு கொடுக்கிறார்கள். அதற்குப் பதிலாக அந்த இடத்தைக் கெடுக்காமல் திரும்புவது நம் பொறுப்பு.

அரிட்டாபட்டிக்கு வர நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். மேலூர் வரை பஸ் ஏராளம், அங்கிருந்து ஆட்டோ பேசிக்கொள்ளலாம். குன்றுப் பக்கம் கடை கிடையாது, தண்ணீரும் சாப்பாடும் கையோடு கொண்டு வாருங்கள். கொண்டு வந்த பையையும் பாட்டிலையும் கையோடு திருப்பி எடுத்துச் செல்லுங்கள். பிள்ளைகளுக்குத் தொப்பி, மாற்றுத்துணி, நல்ல செருப்பு. மழை பெய்த மறுநாள் பாறையில் ஏறவேண்டாம். ஊருக்குள் நுழைந்ததும் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள், வழியும் காட்டுவார்கள், கதையும் சொல்வார்கள். மதியச் சாப்பாட்டுக்கு நாங்கள் மேலூர் திரும்பினோம். ரயில் இரவில்தான். கடம்ப மரம் எங்கே பார்க்கலாம் என்று மதுரைக்காரர்கள் யாராவது சொன்னால், கோடை விடுமுறைக்கு மகளை மறுபடியும் அழைத்து வருகிறேன்.